துருவ நட்சத்திரம் ஒரு முஷ்டி உயரம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை கொடைக்கானல் அப்சர்வேட்டரியில் வானியல் பேச்சும் அதற்கப்புறம் நட்சத்திரம் காட்டும் நிகழ்ச்சியும் நடந்தன. என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பூம்பாறையிலிருந்து போயிருந்தேன். பூண்டு மூட்டையோடு அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போய்வந்தவன்தான். உள்ளே கால் வைத்தது இந்த அறுபத்திரண்டு வயதில்தான்.

பேசியவர் நல்ல தமிழில் பேசினார். தாது வருஷப் பஞ்சத்தில் அவர் ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லும் பஞ்சம் அது. 1876 முதல் 1878 வரை மழை பொய்த்துச் சனங்கள் செத்து விழுந்த பிறகு, பஞ்சத்தைப் பற்றி விசாரிக்க வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டது. சூரியனில் வரும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தார்கள். அதனால் சூரியனை விடாமல் கவனிக்க ஓர் இடம் தேடி, கடைசியில் 1899-ல் இந்த மலைமேல் வந்து சேர்ந்தார்கள். மழைக் கணக்கு அவர்கள் எதிர்பார்த்தபடி கைக்கு வரவில்லை. ஆனால் 1909-ல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி இங்கேதான் கரும்புள்ளிக்குள்ளிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். 1904-லிருந்து எடுத்த சூரியப் படங்கள் நூறு வருடத்துக்கும் மேலாகச் சேர்ந்து கிடக்கின்றன. நான் பூண்டு போடும் மலையில் இப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் வெளியே வந்தோம். செல்போனை யாரும் எடுக்கக்கூடாது, கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு டார்ச் பட்டால் மறுபடி முதலிலிருந்து என்றார்கள். மாசிக் குளிரில் வரிசை நின்றோம். தொலைநோக்கி பக்கத்தில் நின்ற பையன் ஒவ்வொருவரிடமும், "அய்யா, மூச்சை அடக்கிப் பாருங்க, கண்ணாடியில பனி படிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே பருத்தித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். என் முறை வந்தது. பட்டாணி அளவு வெள்ளை வட்டம், நடுவில் லேசாக இரண்டு கோடு, பக்கவாட்டில் நேர்கோட்டில் நாலு புள்ளி. வியாழனும் அதன் நாலு நிலாக்களும். பேத்தி பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்றாள். பின்னால் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

ஆறாமீனை, அதாவது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டியபோது எனக்கு நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது. காட்டுமாடு வராமல் ராத்திரி காவல் கிடக்கும் நாங்கள் அதை வைத்துத்தான் நேரம் பார்ப்போம். மாசியில் ஆறாமீன் மேற்கே விழுந்தால் ஏறக்குறைய நடுச்சாமம் என்று அர்த்தம். அதன் வெளிச்சம் இங்கே வந்து சேரச் சுமார் 440 வருடம் ஆகிறதாம். மதுரையில் நாயக்கர்கள் ஆண்டபோது கிளம்பிய வெளிச்சத்தைத்தான் இத்தனை நாள் கடிகாரமாக வைத்திருந்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் எழுதக் காரணம் அதற்கடுத்து நடந்தது. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் பத்து டிகிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தெற்கே அகத்தியர் நட்சத்திரம் ஏறக்குறைய மூன்று முஷ்டி உயரத்தில் பளிச்சென்று நின்றது. கொடைக்கானல் பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரி வடக்கே இருப்பதால், துருவ நட்சத்திரம் இங்கே ஒரு முஷ்டி உயரத்துக்குமேல் ஏறாது. எல்லாப் பிள்ளைகளும் வடக்கே முஷ்டியை நீட்டினார்கள். அந்தத் திசையில் ஒரு தங்கும் விடுதி வானத்தைப் பார்த்து விளக்கு அடித்துக்கொண்டிருந்தது. மூட்டம் அந்த வெளிச்சத்தைப் பிடித்துப் பால் மாதிரி பரப்பிவிட்டது. நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. சொல்லிக்கொடுத்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார், பிறகு வேறு பக்கம் திருப்பிக் காட்டினார்.

ராத்திரி ஜீப்பில் ஊர் திரும்பியதும் தோட்டத்து மேட்டில் ஏறினோம். பேத்தி முஷ்டியை நீட்டினாள். அவள் கட்டைவிரலுக்குச் சற்று மேலே, பெரிய வெளிச்சம் ஒன்றும் இல்லாமல், அது பாட்டுக்கு நின்றது. "இதுக்குத்தானா தாத்தா அவ்வளவு தூரம் போனோம்?" என்றாள்.

விடுதி நடத்துபவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வியாபாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, விளக்கே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாதைக்கு வெளிச்சம் வேண்டும், சரி. அதற்குத் தலையில் ஒரு மூடி போட்டுத் தரையைப் பார்க்க வையுங்கள். வெள்ளை எல்இடிக்குப் பதில் மஞ்சள் விளக்கு போட்டால் வெளிச்சம் வானத்தில் இவ்வளவு சிதறாது. வானத்துக்கு அடிக்கும் அலங்கார விளக்கு மட்டும் எதற்கென்றே எனக்குப் புரியவில்லை. லடாக்கில் ஹான்லே என்ற ஊரைச் சுற்றி 2022-ல் இருள்வானக் காப்பகம் அமைத்து, உள்ளூர்க்காரர்களுக்கே தொலைநோக்கி பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இருட்டைப் பார்க்கத்தான் அங்கே ஆட்கள் போய்த் தங்குகிறார்கள். அங்கே உள்ள ஆய்வகத்தை நடத்துவதும் நம் கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான்.

வானம் தெளிவாக இருக்கும் மாதங்களில் இந்த நிகழ்ச்சியை அடிக்கடி வைத்தால் நல்லது. மேல்மலைக் கிராமங்களுக்குத் திரும்பிப் போக ஒரு வண்டி இருந்தால் இன்னும் பிள்ளைகள் வருவார்கள். அடுத்த முறை எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை நானே கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் அந்த ஒரு விளக்கையாவது கீழே திருப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பூண்டு விவசாயி,
பூம்பாறை, கொடைக்கானல் மேல்மலை.