மிருதங்கம் சுருதி விலகினால் யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாடுகளில் வாசித்துவரும் மிருதங்கக் கலைஞர் ஒருவரின் கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். மிருதங்கம் சுருதி விலகியது என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடும் விமர்சகர்களை நினைத்து வருந்தியிருக்கிறார். அவர் வருத்தம் நியாயமானது. காரணத்தையும் விரித்து எழுதியிருக்கலாம்.

தோல் ஈரம் குடித்தால் தளர்ந்து சுருதி இறங்கும். காய்ந்தால் இறுகி ஏறும். இதைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டாம். சித்திரை வெயிலில் சேலத்தில் சுருதி சேர்த்த மிருதங்கத்தை, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டு மூடுபனியில் உறை பிரித்துத் தட்டிப் பாருங்கள், இறங்கியிருக்கும்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இதற்கு நேர்மாறு. 1978 முதல் அங்கே நடக்கும் தியாகராஜ ஆராதனை ஈஸ்டரை ஒட்டி வருகிறது. வெளியே குளிர், உள்ளே ஹீட்டர். அந்தக் காற்றில் ஈரப்பசையே இருக்காது. வலந்தலை, அதாவது வலக்கைப் பக்கத் தோல், மெல்ல மெல்ல சுருதி ஏறும். அதன் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டமான கரணையில் வெடிப்பு விழுந்து ஓரம் உதிர்ந்தால் சாப்பு என்னும் அடி கணீரென்று வராது. இடக்கைப் பக்கமான தொப்பியில் அப்பிய ரவையும் சீக்கிரம் காய்ந்து, கும்கி என்னும் அடிநாதம் கெட்டுப்போகும். வாசிப்பவர் விரலைத் தண்ணீரில் தொட்டு ரவையை நனைப்பது இதற்காகத்தான்.

தோலைச் சுற்றிப் பின்னிய வளையமான மூட்டின் மேல் புள் என்னும் மரக்கட்டையை வைத்துக் கல்லால் கீழ்நோக்கித் தட்டினால் சுருதி ஏறும். கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். மூட்டில் வார் கோத்திருக்கும் 16 கண்ணும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். ஒரு கண்ணைத் தொட்டால் எதிர்க் கண்ணையும் பார்த்தாக வேண்டும், இல்லையேல் மீட்டும்போது நாதம் பிசிறும். இத்தனைக்கும் கிடைக்கும் நேரம், பாடகர் ராகம் பாடும் சில நிமிடங்கள்!

இன்னொன்று. ஆண் பாடகருக்குச் சுருதி 1 கட்டை என்றால் பெண் பாடகருக்கு 5 கட்டை. தக்கு எனும் தாழ்ந்த சுருதிக்கு மிருதங்கம் சுமார் 24 அங்குல நீளம், ஹெச்சு எனும் உயர்ந்த சுருதிக்கு 22 அங்குலம். ஒன்றை வைத்து இரண்டுக்கும் ஒப்பேற்ற முடியாது. இரண்டாவது மிருதங்கத்துக்கு விமானக் கட்டணம் யார் தருவது என்பதில் தொடங்குகிறது அரசியல். பக்கவாத்தியக்காரர் வாய் திறந்து கேட்டால் அடுத்த முறை அழைப்பு வராது. அமெரிக்காவில் சம்பளத்துக்கு வாசிக்கப் போகிறவருக்கு அமைப்பாளர் கலைஞர்களுக்கான பி-3 விசாவுக்கு மனுப் போட வேண்டும். அதைத் தட்டிக் கழித்துவிட்டுச் சுற்றுலா விசாவில் வரச் சொன்னால், விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்படுகிறவர் கலைஞர்தான், அழைத்தவர் அல்ல. விமர்சகர்கள் எழுத வேண்டியது இதை.

அமைப்பாளர்கள் செய்யக்கூடியது எளிது. கச்சேரிக்கு 2 மணி நேரம் முன்பே அரங்கைத் திறந்து, கச்சேரியின்போது இருக்கப்போகும் அதே அளவில் ஹீட்டரை ஓடவிட வேண்டும். குளிரில் வந்த மிருதங்கத்தை உறையோடு அங்கேயே வைத்திருந்து, தோல் அந்தக் காற்றுக்குப் பழகிய பிறகு கல்லை எடுக்கலாம். அங்கே மூட்டு மாற்றித் தர ஆள் கிடைப்பது அரிது. கலைஞரும் உபரி மூட்டு ஒன்று கொண்டுபோவது நல்லது. ஆஸ்திரேலியா போகிறவர்கள் மிருதங்கத்தின் தோலையும் மரத்தையும் வருகைப் படிவத்தில் மறக்காமல் குறிப்பிட வேண்டும்.

மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காடு வரும் உங்கள் விமர்சகர், கச்சேரி இருந்தால் அரை மணி முன்னதாக மேடை ஓரம் வந்து நிற்கட்டும். கல்லும் புள்ளும் எத்தனை முறை பேசுகின்றன என்று எண்ணிக்கொண்டு பிறகு எழுதட்டும்.

— வாசகர், அம்மாபேட்டை, சேலம்