பதில் சொல்லாதீர்கள்: ஓசிடி உள்ளவர்களின் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

ஓசிடி (வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து, அந்தப் பதற்றம் தீர ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய்) உள்ள ஒருவரோடு ஒரே வீட்டில் வாழும் அம்மா, அப்பா, கணவன், மனைவி, கூடப்பிறந்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஓசிடி வந்து, சிகிச்சை எடுத்து, இப்போது நன்றாகத் தேறியிருப்பவள். மருத்துவர் இல்லை. மருத்துவர் எங்களைப் பார்ப்பது எப்போதோ ஒரு முறை, கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் நாங்கள் உங்களோடுதான் இருக்கிறோம். அதனால்தான் இந்தக் கடிதம் உங்களுக்கு. கேட்பது ஒன்றே ஒன்று: நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துங்கள்.

எந்தக் கேள்வி என்று உங்களுக்கே தெரியும். "கதவு பூட்டியாச்சா?" "என் கை சுத்தமா இருக்கா, பாரேன்." "வண்டியில வரும்போது நான் யாரையும் இடிக்கலையே?" நீங்கள் "பூட்டியாச்சு, போய்ப் படு" என்கிறீர்கள். எங்கள் முகம் தெளிகிறது. சரி, இன்றைக்கு முடிந்தது என்று நீங்களும் விளக்கை அணைக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் அதே கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்: "நீ நிஜமாவே இழுத்துப் பார்த்தியா, இல்ல எனக்காகச் சொல்றியா?"

கதவு பூட்டியது எங்களுக்கும் தெரியும். கண்ணால் பார்த்தோம், கையால் இழுத்தோம். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. 'ஒருவேளை' என்ற எண்ணம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதோடு வயிற்றைப் பிசையும் பதற்றம். அது போவதற்கு ஏதாவது செய்தாக வேண்டும். போய்ப் பார்ப்பது, கழுவுவது, எண்ணுவது, மனதுக்குள்ளேயே ஏதோ சொல்லிக்கொள்வது, உங்களைக் கேட்பது. செய்த உடனே சற்று நிம்மதி. அந்த நிம்மதிதான் வினை. 'கேட்டதால்தான் தப்பித்தேன்' என்று மூளை பாடம் படித்துவிடுகிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகக் கேட்கச் சொல்கிறது. சிரங்கைச் சொறிவது போலத்தான் இது. சொறியும்போது சுகமாக இருக்கும், புண் பெரிதாகிக்கொண்டே போகும். பாசத்தோடு நீங்கள் சொல்லும் பதிலும் அந்தச் சொறிதலில் சேர்ந்துவிடுகிறது.

பதில் சொல்வது மட்டுமில்லை. எங்களுக்காகக் கதவின் கைப்பிடியை நீங்கள் தொடுவது, வெளியே போய் வந்ததும் வாசலிலேயே உடை மாற்றிக்கொள்வது, விருந்தாளிகளை வரவேண்டாம் என்று சொல்வது, நாங்கள் கழுவி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்து தாமதமாகக் கிளம்புவது என்று வீடே நோய்க்கு வளைந்து கொடுக்கப் பழகிவிடுகிறது. ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் ஏதோ ஒரு விதத்தில் இதைச் செய்கின்றன. இதை அளப்பதற்கென்றே 1990-களிலிருந்து மருத்துவத்தில் ஒரு கேள்விப்பட்டியல் இருக்கிறது. வீடு அதிகம் வளைந்து கொடுக்கும் இடங்களில் நோயும் கடுமையாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நோய் உங்களால் வரவில்லை. பரம்பரைக்கும் மூளையின் சில நரம்புச் சுற்றுகளுக்கும் அதில் பங்கு இருக்கிறது, வளர்ப்பில் கோளாறு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வெளியே தெரியாத வகை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் இருப்பவர்கள் வாயே திறப்பதில்லை. புதிதாகப் பிள்ளை பெற்ற ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள், குழந்தை பக்கத்தில் தூங்குகிறது. 'இந்தக் கத்தியால் குழந்தையைக் குத்திவிட்டால்?' என்று ஓர் எண்ணம் குறுக்கே பாய்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. இப்படி நினைப்பவள் தாயா என்று தன்னையே வெறுக்கிறாள். மறுநாள் கத்தியைத் தொடுவதில்லை. அப்புறம் குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டுவதில்லை. யாராவது கூட இருந்தால்தான் தூக்குவாள். வீட்டில் எல்லோரும் அவளுக்குக் குழந்தை மேல் ஒட்டுதல் இல்லை என்கிறார்கள். ஆனால் அவள் விலகுவதே குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற தவிப்பில்தான்.

இப்படிப்பட்ட எண்ணங்கள் எல்லோருக்கும் வருபவை. 1978-ல் ஸ்டான்லி ராக்மன், பத்மல் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் நோய் இல்லாத சாதாரண ஆட்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானோர் தங்களுக்கும் அபத்தமான, வன்முறையான, அருவருப்பான எண்ணங்கள் அழைக்காமலே வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் 'சீ, என்ன இது' என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். நாங்கள் அந்த எண்ணத்தைக் கையில் எடுத்து விசாரணை நடத்துகிறோம். எங்களுக்கு எது மிகவும் பிரியமோ அதையே ஓசிடி குறிவைக்கும். பக்தி உள்ளவருக்குச் சாமியைப் பற்றிக் கெட்ட வார்த்தை வரும். குழந்தைகளை நேசிக்கும் ஆசிரியருக்குக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லக் கூசும் எண்ணம் வரும். இதை ஒருவர் உங்களிடம் சொல்கிறார் என்றால் அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பதறி அந்தக் கத்தியை ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்து வைத்தால் 'நீ ஆபத்தானவள்தான்' என்று நீங்களும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இது ஓசிடிதானா, குழந்தை பிறந்தபின் வரும் வேறு மனநோயா என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் மனநல மருத்துவர். தாமதிக்காமல் அவரிடம் கூட்டிப் போங்கள். எங்களில் யாராவது சாக வேண்டும் என்று பேசினாலும் அப்படித்தான்; ஓசிடியோடு மனச்சோர்வும் அடிக்கடி சேர்ந்து வரும், அதை 'சும்மா பேசுகிறாள்' என்று விடாதீர்கள்.

சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்ததை எழுதினார். அவர்கள் பயப்படுவதை எதிர்கொள்ள வைத்தார், வழக்கமாகச் செய்யும் சடங்குகளைச் செய்ய விடவில்லை. அதுவரை தீராத நோய் என்று கைவிடப்பட்டிருந்ததில் வழி பிறந்தது அங்கேதான். அதன் வளர்ந்த வடிவத்தை இன்று ஈஆர்பி என்கிறார்கள்: பயத்தை எதிர்கொள்வது, அப்புறம் வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருப்பது. எனக்கு அது இப்படி நடந்தது. பயங்களை வரிசைப்படுத்தி எழுதினோம், கீழ்ப்படியிலிருந்து தொடங்கினோம். பொதுக் கழிப்பறையின் தாழ்ப்பாளை முழு உள்ளங்கையால் பிடித்தேன். கழுவாமல் அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விரலெல்லாம் ஊறுவது போல இருந்தது, அழுகை வந்தது. எதிரே இருந்த சிகிச்சையாளர் "ஒன்றும் ஆகாது" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். பார்ப்போம்" என்றார். பதற்றம் ஏறி, அங்கேயே நின்று, அப்புறம் சலித்துப்போய்த் தானாக இறங்கியது. இறங்காத நாட்களும் இருந்தன. அந்த நாட்களில், இறங்காவிட்டாலும் தாங்கிக்கொள்ள முடிகிறது என்று தெரிந்துகொண்டேன்.

இதனால் உங்களிடம் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எல்லாக் கவுன்சிலிங்கும் இது ஆகாது. 'அந்த எண்ணம் வந்தால் நிறுத்து' என்பதும், மணிக்கட்டில் ரப்பர் பேண்டைச் சுண்டிக்கொள் என்பதும், வாரா வாரம் ஆறுதல் சொல்லி அனுப்புவதும் எங்களுக்கு உதவாது, நிலைமையை மோசமாக்கவும் கூடும். முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "நீங்கள் ஈஆர்பி செய்வீர்களா? எப்படிச் செய்வீர்கள்?" கேட்பதில் தப்பே இல்லை.

மாத்திரைக்குப் பயப்படாதீர்கள். ஃபுளுவோக்ஸெட்டின், செர்ட்ராலின், ஃபுளுவோக்ஸமைன் போன்றவையும் பழைய மருந்தான குளோமிப்ரமைனும் ஓசிடிக்குக் கொடுக்கப்படுகின்றன. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவு பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாம் வாரத்தில் "ஒன்றும் வேலை செய்யவில்லையே" என்று நிறுத்திவிடுபவர்கள் நிறைய. இவை போதைப் பழக்கத்தில் தள்ளுபவை இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தொந்தரவு வரும், மருத்துவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். மனக்கட்டுப்பாடு இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: 1992-ல் லூயிஸ் பாக்ஸ்டர் என்ற மனநல மருத்துவரின் குழு வெளியிட்ட மூளைப் படங்களில், மருந்தால் தேறியவர்களுக்கும் நடத்தைச் சிகிச்சையால் தேறியவர்களுக்கும் மூளையின் ஒரே பகுதியில் மாற்றம் தெரிந்தது. பயிற்சியும் மூளையைத்தான் தொடுகிறது.

இனி, பதில் சொல்வதை எப்படி நிறுத்துவது? பதற்றத்தின் நடுவில் ஆரம்பிக்காதீர்கள். அமைதியான ஒரு நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள், சிகிச்சை தருபவர் இருந்தால் அவரோடு சேர்ந்து திட்டம் போடுங்கள். ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "இனிமேல் கதவைப் பற்றி நீ கேட்டால் நான் ஒரு தடவைதான் பதில் சொல்வேன். அப்புறம் சொல்ல மாட்டேன். உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு தெரியும், நான் பக்கத்திலேயே இருப்பேன்." அவ்வளவுதான். அது பழகியதும் அந்த ஒன்றையும் விட்டுவிடலாம். நாங்கள் முதலில் கெஞ்சுவோம், கோபப்படுவோம், 'உனக்கு என் மேல் அக்கறை இல்லை' என்றுகூடச் சொல்வோம். சில நாட்கள் கேள்வி கூடும். அப்போது தோற்றுப்போய்ப் பதில் சொல்லிவிட்டால், இவ்வளவு நேரம் கெஞ்சினால் கிடைக்கும் என்று நோய் கற்றுக்கொள்ளும். அதனால் தாங்கக்கூடிய அளவு சிறியதாகவே தொடங்குங்கள்.

திட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள், குழாயைப் பிடுங்கி மூடாதீர்கள், எங்களுக்குத் தெரியாமல் 'சோதனை' வைக்காதீர்கள். நாங்கள் ஒப்புக்கொண்டு செய்தால்தான் அது சிகிச்சை. சிகிச்சைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் மனம் தளர வேண்டாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய ஸ்பேஸ் என்ற முறையில் சிகிச்சைக்கு வருபவர்கள் பெற்றோர் மட்டுமே. அவர்கள் வளைந்து கொடுப்பதைக் குறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பதற்ற நோய் உள்ள பிள்ளைகளிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், பிள்ளைக்கே நேரடியாகக் கொடுத்த சிகிச்சைக்குச் சளைக்காத பலன் கிடைத்தது. நீங்கள் மாறினால் போதும், ஆரம்பிக்கலாம்.

அடுத்த முறை கேள்வி வரும்போது என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், என் வீட்டில் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்: "இது ஓசிடி கேட்கிற கேள்வி மாதிரி இருக்கு. நான் பதில் சொல்லப் போறதில்ல. வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்." நடக்கும்போதும் நாங்கள் கேட்போம். நீங்கள் வேறு ஏதாவது பேசிக்கொண்டே கூட வாருங்கள்.

அன்புடன்,
ஓசிடியோடு வாழக் கற்றுக்கொண்ட ஒருத்தி