உப்பனாறு படத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கடலூர் உப்பனாற்றங்கரையில் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டையின் புகையைப் பற்றி, கரியால் வரைந்த நாலு நிமிட அனிமேஷன் படம். நொடிக்கு 12 போட்டோ என்று கணக்குப் போட்டால் 2,880 தடவை கரியை இழுத்து, அழித்து, மறுபடி வரைந்து, போட்டோ எடுக்க வேண்டும். இதை ஒரே ஆள் செய்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்கள் ரொம்பக் கொஞ்சம், ஏனென்றால் பாதிப் பேர் "எங்க பேரைப் போட்டுடாத" என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பெயரே இல்லாமல் இந்த மடல்.

முதலில் முதுநகர் இஸ்திரி அண்ணனுக்கு. ஓவியர்களுக்கென்று விற்கும் கரிக்குச்சி நமக்குக் கட்டுப்படியாகாது, அவரிடம் இருக்கும் கரியில் கொஞ்சம் கேட்டு வாங்கலாம் என்று போனேன். அவரே ஒரு துண்டைத் தாளில் இழுத்துப் பார்த்து, "இது கீறும் தம்பி" என்றார். அப்புறம் சவுக்குச் சுள்ளிகளைப் பால் பவுடர் டப்பாவில் அடைத்து, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, தணலில் புதைத்து எடுத்துக் கொடுத்தார். காற்று படாமல் வெந்த சுள்ளி மெத்தென்று, நல்ல கறுப்பாக வந்தது. படம் முழுக்க அந்தக் கரிதான்.

ஒரே தாளில் அழித்து அழித்து வரையும் இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்லை. தென்னாப்பிரிக்காவில் வில்லியம் கென்ட்ரிட்ஜ் என்ற ஓவியர், நிறவெறி ஆட்சி இன்னும் விழாத 1989-லேயே இப்படிப் படமெடுக்கத் தொடங்கிவிட்டார். எவ்வளவு துடைத்தாலும் பழைய கோடு சாம்பல் தடமாகத் தங்கும். சிப்காட் புகையை வரைகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? துடைக்கத் துணி கொடுத்தது அப்பாவின் பழைய வேட்டிகள், அவரிடம் கேட்காமலே எடுத்தது.

போன் ஒரு மயிரிழைகூட நகராதபடி பழைய கட்டில் காலில் ஸ்டாண்டு அடித்துக் கொடுத்த தச்சு அண்ணனுக்கு நன்றி. மேகம் வந்து போனால் படம் மினுக்கும், அதனால் ஜன்னலை அடைத்தாயிற்று. தாள் படபடக்கும், அதனால் ஃபேனும் கிடையாது. கடலூர் வெயிலில் அந்த அறைக்குள் வந்து டீ வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே போன அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சோனங்குப்பம் பெரியப்பாவுக்கு: மடவை மீன் எப்படித் தண்ணீரை விட்டுத் துள்ளும் என்று கையை வளைத்து வளைத்துக் காட்டினீர்களே, அந்தக் கையைப் பார்த்துத்தான் வரைந்தேன்.

அப்புறம் சிப்காட்டை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு ஊர்களின் அக்காக்கள். இந்தப் படம் உங்களுடையது. வரையாமல் கேமராவை வைத்து உங்களை நேராகவே ஏன் எடுக்கவில்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கம்பெனிக் கேட்டுக்குள் வேலைக்குப் போகிற ஆள் அதே வீட்டில் இருக்கும்போது முகத்தை எப்படிக் காட்டுவது? வரைந்தால் முகம் மாறிவிடும், இடுப்பில் கை வைத்து நிற்கிற தோரணை மாறாது. குரலையும் வேறொரு அக்காவைப் பேச வைத்தோம். 2004-இல் உங்கள் ஊர்க்காரர்களே நாற்றம் வீசும் நேரத்துக் காற்றை வாளியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பிய கதையைச் சொன்னபோது, வாளிக்குள் பை எப்படி உப்பும் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. வாளியில் இருக்கிற காற்றை உறிஞ்சி வெளியேற்றினால், உள்ளே இருக்கும் பை தானாக விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும் என்று சமையல்கட்டு வாளியை வைத்தே புரிய வைத்தீர்கள். அந்தப் பை உப்புகிற காட்சிக்குத்தான் அதிக நாள் பிடித்தது, எனக்குப் பிடித்த காட்சியும் அதுதான்.

ஒலி சேர்த்துக் கொடுத்த புதுச்சேரித் தம்பிக்கும், திரையிட்ட அன்று தன் வீட்டு கரண்டைக் கொடுத்த பெட்டிக்கடைக்காரருக்கும் நன்றி. படம் வேண்டுமென்றால் பென்டிரைவ் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம். உங்கள் தெருவில் போடுவதாக இருந்தால் திரைக்கு வெள்ளை வேட்டி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் கரியாகிவிட்டது.