எங்கள் வளர்ந்தோர் வகுப்புக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கமாகப் போகும் வழியில் உள்ள எங்கள் ஊரில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் நடத்திய வளர்ந்தோர் எழுத்தறிவு வகுப்பின் முதல் சுற்று சிறுபோக அறுவடையோடு முடிந்தது. சங்கக் கூட்டத்தில் நன்றி சொன்னோம்தான். ஆனால் கைகொடுத்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கே இல்லை. சிலர் வெளிநாட்டில், சிலர் வேலையில். ஒருவர் வாசல் வரை வந்துவிட்டு, “எனக்கெல்லாம் என்னத்துக்கு நன்றி” என்று மரத்தடியிலேயே நின்றுவிட்டார். அதனால் சங்கச் செயலாளர் என்ற முறையில், எல்லோரும் பார்க்கும்படி இதை எழுதுகிறேன்.

இலங்கையில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் 90 வீதத்துக்கும் மேல். இலவசக் கல்வி 1945 இல் வந்தது. இதைச் சொல்லி, “இந்தக் காலத்திலும் கைநாட்டு வைக்கிற ஆட்கள் இருக்கினமா?” என்று எங்களிடம் கேட்டவர்கள் பலர். வன்னியின் கதை தெரிந்தால் அப்படிக் கேட்க வாய் வராது. வகுப்புக்கு வந்தவர்களில் மூத்தவர்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து குடும்பத்தோடு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். வந்த இடத்தில் தம்பி தங்கச்சியைப் பார்க்கவும் கூலிக்குப் போகவும் ஆள் தேவைப்பட்டதால் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடப் படியே மிதிக்கவில்லை. நடு வயதுக்காரர்கள் தொண்ணூறுகளில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, மரத்தடி வகுப்பில் கொஞ்சம், கொட்டிலில் கொஞ்சம் என்று படித்து, மூன்றாம் நாலாம் ஆண்டோடு நின்றவர்கள். இளையவர்கள் 2008 இல் கொப்பியைக் கட்டி வைத்துவிட்டு, போருக்குத் தப்பிக் கடற்கரையோர மாத்தளன் வரை ஓடியவர்கள். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது சின்னப் பிள்ளைகளோடு வாங்கிலில் இருக்க வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இவர்களில் ஒருவர்கூடப் படிக்க மனமில்லாமல் நின்றவர் இல்லை.

இனி நன்றி. முதலில் எங்கள் முன்பள்ளி ரீச்சருக்கு.

ரீச்சர், நீங்கள் முதல் நாளே செய்த வேலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முன்பள்ளிச் சுவரில் இருந்த அணில், ஆடு, இலைப் படங்களை எல்லாம் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தீர்கள். பேரப்பிள்ளை கண்டவர்களை அணிலுக்கும் ஆட்டுக்கும் முன்னால் இருத்தக்கூடாது என்று ஒருவரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. படங்கள் இருந்த இடத்தில் வெறும் யூரியா உரப்பை ஒன்றையும், பால்மாப் பெட்டி அட்டையையும், ‘முல்லைத்தீவு’, ‘மாங்குளம்’, ‘பரந்தன்’ என்று பஸ் போர்ட்டில் இருப்பதுபோலப் பெரிதாக எழுதிய தாள்களையும் ஒட்டினீர்கள். அகர வரிசையில் தொடங்காமல் ட, ப, ம என்று கைக்குச் சுலபமாக வரும் எழுத்துகளில் தொடங்கினீர்கள். அதற்கும் முன்னால் ஆளுக்கொரு மட்டையில் அவரவர் பெயர். குடும்ப அட்டையில் தன் பெயர் எங்கே இருக்கிறது, புருசன் பெயர் எங்கே, பிள்ளைகளின் பெயர் எங்கே என்று தேடுவதுதான் முதல் பாடமாக இருந்தது.

மண்வெட்டி பிடித்துப் பழகிய கைக்குப் பள்ளிக்கூடப் பென்சில் ஒத்துவரவில்லை. அழுத்துகிற அழுத்தத்தில் கூர் உடைந்தது, தாள் கிழிந்தது. “கை உறைச்சுப் போச்சு ரீச்சர், இது வளையாது” என்று ஒரு அக்கா எழும்பவே வெளிக்கிட்டார். அடுத்த வகுப்புக்கு, எங்கள் ஊர்த் தச்சு வேலைக்கார அண்ணையிடம் கேட்டு, மரத்தில் கோடு கீறுகிற தட்டையான தடித்த பென்சில்களை வாங்கி வந்தீர்கள். அது உடையவில்லை. அண்ணை காசும் வாங்கவில்லை. அண்ணைக்கும் இந்த இடத்தில் நன்றி. அந்தப் பென்சில்கள் இல்லாவிட்டால் இரண்டாம் கிழமையோடு வகுப்பு கலைந்திருக்கும் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘எழுத்து மண்டையில் ஏறுதில்லை’ என்று சொன்னவர்களில் பலருக்குச் சிக்கல் மண்டையில் இருக்கவில்லை, கண்ணில் இருந்தது. நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து வருவது எல்லோருக்கும் உள்ளதுதான். வாசிக்கிற ஆள் உடனே கண்டுபிடித்துவிடுவார். வாசிக்காதவருக்கு அது தெரியவே வராது. ஊசியில் நூல் கோர்க்கப் பேத்தியைக் கூப்பிடுவதோடு போய்விடும். ஒரு நாள் ரீச்சர் தன் கண்ணாடியைக் கழற்றி ஒருவருக்குப் போட்டுப் பார்த்தார். அவர் கொப்பியைக் கிட்டப் பிடித்து, தூரப் பிடித்து, “இவ்வளவு நாளும் இதுக்குள்ள கோடு இருந்ததா?” என்று கேட்டார். கொப்பியின் கோட்டைத்தான் சொன்னார்.

அன்று இரவே கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்தி போட்டோம். அதற்கு முன்னர் அவர்கள் கணினி வாங்கித் தருகிறோம், கட்டடம் கட்டித் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணாடி போதும் என்று நாங்கள் கேட்டபோது முகம் சுளிக்காமல் உடனே காசு அனுப்பினீர்கள். கல்வெட்டில் பெயர் போடச் சொல்லிக் கேட்கவும் இல்லை. மனமார்ந்த நன்றி, பிள்ளைகள். ஊருக்கு வந்து கண் பரிசோதித்து, ஒவ்வொருவரின் பெயரையும் அவரவரையே எழுதச் சொல்லிக் காத்திருந்த தாதிக்கும் நன்றி.

வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவிலிருந்து ஆலோசனை சொன்னவர்களுக்கும், மண்டபத் திறப்பைக் கேட்ட நேரமெல்லாம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், தேத்தண்ணிக்குச் சீனி தந்த கூட்டுறவுச் சங்கக் கடைக்கும் நன்றி.

ஓட்டோ ஓடும் தம்பியை மறக்க முடியாது. வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் பெண்களால் வர முடியும். வகுப்பு விட இருட்டிவிடும். எங்கள் பக்கம் இருட்டினால் யானை. குளக்கட்டு வழியாக நடந்து போவது யாருக்கும் நல்லதில்லை. அந்தத் தம்பி மூன்று நடையாக ஆட்களை ஏற்றி வீடு வரை கொண்டுபோய் விட்டார். பெற்றோல் வரிசையும் விலையும் 2022 இல் என்ன பாடு படுத்தின என்று நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு ஓட்டோக்காரர் வாடகை வாங்காமல் ஓடுகிறார் என்றால் அது லேசான காரியம் இல்லை. மரத்தடியில் நின்றவர் என்று மேலே சொன்னேனே, இவர்தான் அவர்.

அம்மாமார் படிக்கும் நேரம் கைக்குழந்தைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கும் பிள்ளைகளே, உங்கள் சோதனைக்கு நாங்கள் எல்லோரும் நேர்ந்து வைத்திருக்கிறோம்.

புதுக்கோட்டையில் 1991 இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார்கள் என்று இளைப்பாறிய அதிபர் ஐயா எங்களுக்குச் சொன்னார். வன்னியில் பெண்கள் சைக்கிள் ஓடுவது புதினமில்லை. எங்கள் ஆட்களுக்கு அந்த இடத்தில் இருந்தது கடன் புத்தகம். கிழமைக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் வந்து, ஐந்து பேரைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவர் பிணை என்று கைநாட்டு வாங்கிப் போன காலத்தில், எதற்குப் பிணை நிற்கிறோம் என்று வாசித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதிபர் ஐயா பழைய கடன் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லி, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டி முடித்த பிறகும் ஏன் மிச்சம் காட்டுகிறது என்று ஒவ்வொரு கட்டமாக வாசிக்கப் பழக்கினார். கடன் இன்னும் இருக்கிறது. ஆனால் இப்போது கிழமைக்கு வருகிற பெடியனிடம், “தம்பி, போன கிழமை கட்டினது இதிலை பதியேல்லை” என்று புத்தகத்தை விரித்துக் காட்டுகிறார்கள். ஐயா, இந்தப் பாடத்தை வேறு யாராலும் அவ்வளவு பொறுமையாக நடத்தியிருக்க முடியாது.

இலக்கமும் அப்படித்தான். இந்த நாட்டில் சர்வசன வாக்குரிமை 1931 இலேயே வந்துவிட்டது. சின்னத்தைப் பார்த்துப் புள்ளடி போட எழுத்துத் தேவையில்லை. ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் விருப்பு வாக்குக்கு வேட்பாளரின் இலக்கத்தைத் தேடிப் போட வேண்டும். 2024 நவம்பரில் முதல் தடவையாக இலக்கம் பார்த்து விருப்பு வாக்குப் போட்டதாக எங்கள் அக்காமார் சொன்னார்கள். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. சீனி வருத்தத்துக்கும் பிறசருக்கும் எடுக்கும் குளிசைப் பைகளில் காலை, இரவு என்று எழுதியிருப்பதை இப்போது அவர்களே பார்த்து எடுக்கிறார்கள். அரசாங்க உதவிப் பணமான அஸ்வெசுமவின் பெயர்ப் பட்டியல் ஒட்டினால், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வரும் வரை காத்திருப்பதில்லை.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல அவரிடமே அனுமதி கேட்டேன். பெயர் வேண்டாம், விசயத்தை எழுது என்றார்.

அவருடைய மகனை, போர் முடிந்த 2009 மே மாதத்திலிருந்து காணவில்லை. 2017 இல் வீதியோரத்தில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கியதிலிருந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் போய் வந்தவர். எங்கே போனாலும் ஒரு பைல். முறைப்பாட்டுப் பிரதிகள், பற்றுச்சீட்டுகள், மகனின் படம், எல்லாம் பொலித்தீன் பையில் சுற்றி, அதற்கு மேலே துணிப்பை. அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பார். அவர்கள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அவர் வாசித்ததில்லை. வகுப்புக்குச் சேர வந்த அன்று, “எனக்குக் கையெழுத்து வேண்டாம் ரீச்சர், இதை வாசிக்கத் தெரிந்தால் போதும்” என்று அந்தப் பையைத்தான் மேசையில் வைத்தார்.

எழுத்துக் கூட்டி வாசிக்க வந்த பிறகு, வகுப்பு முடிந்ததும் ஒரு ஓரமாக இருந்து அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக எடுப்பார். சொல்லுக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசைய வாசிப்பார். ஒரு நாள் ஒரே இடத்தில் விரல் நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து வாசித்தார். பிறகு ரீச்சரைக் கூப்பிட்டு, “இதிலை மாத்தளன் என்று கிடக்குது. நான் அவனைக் கையிலை குடுத்தது வட்டுவாகலிலை. வட்டுவாகல் என்றுதான் சொன்னனான்” என்றார். அந்தப் பிரதியின் அடியில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது.

எழுதி எடுத்தவர் யார், எந்த இடத்தில் பிழை நடந்தது என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் வட்டுவாகல் பாலத்தடியில் இராணுவத்திடம் கையில் ஒப்படைத்த பிள்ளைக்கும், சண்டைக்குள் மாத்தளனில் காணாமல் போன பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இத்தனை வருசமாக அந்தத் தாளைப் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறார்.

திருத்தம் கேட்டு அவரே கடிதம் எழுதினார். ரீச்சர் தான் எழுதித் தருவதாகச் சொல்லவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. எந்த ‘ல்’, எந்த ‘ள்’ என்று கேட்டபோது மட்டும் சொன்னார். பல பின்னேரங்கள் போயின. ஒரு பக்கம் வந்தது. ஒட்டுசுட்டான் தபாலகத்தில் பதிவுத் தபாலில் போட நானும் கூடப் போனேன். உறையின் மேல் முகவரியும் அவர் எழுதியதுதான். பதில் இன்னும் வரவில்லை. பற்றுச்சீட்டு பைலுக்குள் இருக்கிறது.

இந்த ஒரு கடிதத்துக்காகவே, கண்ணாடிக்குக் காசு அனுப்பியவரிலிருந்து சீனி தந்தவர் வரைக்கும் எல்லோருக்கும் கை கூப்பி நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் பங்கு சின்னது என்று சொன்னீர்கள். அதில் ஏதாவது ஒன்று இல்லாமல் போயிருந்தால் அவர் அந்த வரிக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டார்.

இனி வரப்போவது. காலபோக விதைப்பு முடிந்ததும் இரண்டாம் சுற்றுத் தொடங்கும். இந்தமுறை ஆண்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கு வேறு நேரம் வைப்பதாக முடிவு. பெண்கள் கூச்சமில்லாமல் பிழை விட்டுப் படிக்க ஒரு இடம் வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. முதல் சுற்றில் படித்தவர்கள் மறந்துவிடாமல் இருக்க வாசிக்க ஏதாவது வேண்டும். சின்னப் பிள்ளைகளின் கதைப் புத்தகம் அவர்களுக்கு அலுப்பு, பத்திரிகை எழுத்தோ சிறிது. பெரிய எழுத்தில் பயிர்ச்செய்கை, உடல்நலம், ஊர்ச் செய்தி என்று வளர்ந்தோருக்கு ஏற்றவை யாரிடமாவது இருந்தால் தந்து உதவுங்கள். சனசமூக நிலையத்தார் ஞாயிறு பின்னேரங்களில் இவர்களுக்கென்று கதவு திறந்து வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் நன்றி. மிச்சம் இருக்கும் கண்ணாடிகள் சங்கத்தில் இருக்கின்றன. தேவைப்படுபவர்கள் எந்த ஊரவர் என்றாலும் வந்து போட்டுப் பார்த்து எடுத்துப் போகலாம்.

அன்போடும் நன்றியோடும்,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்