உன் மகனின் கார்டும் உன் வீட்டு எர்த்தும்

வடசேரி, நாகர்கோவில்

அன்புள்ள தாணு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. தங்கச்சி நீ அனுப்பிய பெட்டி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கிட்ணன் அண்ணன் இன்னும் அந்தக் கிணற்று வழக்கை விடவில்லை. ஊர்ச் செய்தி முடிந்தது.

'பையன் கார்டை எரித்துவிடுவான் போலிருக்கிறது, உடனே போய்ப் பார்' என்று குரல் செய்தியில் கத்தியிருந்தாய். கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டை, அதாவது திரைக்குப் படம் வரைந்து தரும் கார்டை, அவன் ஓவர்கிளாக் செய்கிறான், வகுத்த வேகத்தைத் தாண்டி ஓட்டுகிறான் என்பதுதான் உன் பயம். பாதி கத்தல், பாதி அழுகை. அந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுக்கு நீ கொடுத்த பணத்தில் இங்கே ஒரு நல்ல பைக் வாங்கலாம் என்பது எனக்கும் தெரியும், அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு மணவாளக்குறிச்சிக்குப் போனேன். நல்ல சாரல். கடற்கரைப் பக்கம் இந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்: காயப்போட்ட துணி மூன்றாம் நாளும் பிசுபிசுக்கும்.

என்னைக் கண்டதும் பையன் எழுந்து நின்றான். நீ அனுப்பிய போலீஸ்காரன் என்று நினைத்துவிட்டான். 'மாமா, நான் ஒன்றும் கெடுக்கவில்லை' என்று சொல்லி ஒரு நோட்டை நீட்டினான். கோர் வேகம், மெமரி வேகம், வெப்பம், வாட், ஃபிரேம் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) என்று கோடு போட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி. விளையாட்டு நடுவில் மூடிக்கொண்டால் சிவப்பு மையில் ஒரு வட்டம். எழுத்து மட்டும் உன்னுடையதுபோலவே வாசிக்க முடியாதது. ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிய நீ ஒரு வரியாவது எழுதி வைத்தாயா? புலியூர்க்குறிச்சி வளைவில் நடந்ததை நான் அவனிடம் சொல்லவில்லை. தேவைப்பட்டால் சொல்வேன்.

முதலில் உன் பயத்தைத் தீர்க்கிறேன். கார்டு எரியாது. மின்னழுத்தத்தைக் கண்டபடி ஏற்ற, செய்தவர்களே வழிவிடுவதில்லை. சூடு 90 டிகிரியை எட்டினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அளவு மீறி இழுத்தால் விளையாட்டு மூடிக்கொள்ளும், அல்லது திரை கறுத்து, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் மறுபடி எழும். தொடக்கத்திலேயே இந்த அளவுகளைப் போடு என்று ஆஃப்டர்பர்னரில் (கார்டின் வேகத்தை மாற்றும் மென்பொருள்) சொல்லி வைக்காதவரை, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். அவன் சொல்லி வைக்கவில்லை. அந்த அறிவு அவனுக்கு இருக்கிறது.

இனி அவனுடைய ஆசை. 4090-க்கு அதன் நிறுவனமான என்விடியா எழுதிக் கொடுத்த பூஸ்ட் வேகம், அதாவது வேலை கூடும்போது ஏறும் வேகம், 2520 மெகாஹெர்ட்ஸ். ஆனால் யாரும் தொடாமலே அது விளையாட்டில் 2700-ஐத் தாண்டி ஓடும். 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 வந்ததிலிருந்தே அவர்களுடைய கார்டுகளுக்கு இந்தக் குணம் உண்டு. சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும்வரை தானே ஏறும், இடம் குறைந்தால் சிறு சிறு படியாக இறங்கும். ஆகவே இன்றைக்கு ஓவர்கிளாக் செய்வது, ஆலையில் பிழிந்து வந்த கரும்பை மறுபடி பிழிவது. அவன் நோட்டிலேயே இருக்கிறது: அத்தனை பாடுபட்டும் ஃபிரேம் நூற்றுக்கு ஐந்துதான் கூடியிருக்கிறது. அதற்குக் கார்டு கூடுதலாகக் குடித்த மின்சாரத்தையும் அவனே எழுதி வைத்திருக்கிறான், பாவம், நேர்மையான பையன்.

மெமரி விஷயத்தில்தான் அவன் ஏமாந்திருந்தான். ஆஃப்டர்பர்னரில் மெமரியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறான். படம் உடையவில்லை, புள்ளி விழவில்லை, 'அப்படியானால் தாங்குகிறது' என்று முடிவு கட்டிவிட்டான். இந்தக் கார்டில் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி. அதில் பிழை வந்தால் படம் உடையாது, பிழைபட்ட தரவை மறுபடி அனுப்பிச் சரி செய்துகொள்ளும். அனுப்பியதையே அனுப்பிக்கொண்டிருந்தால் நேரம் போகுமே! காட்டும் வேகம் ஏறும், கிடைக்கும் ஃபிரேம் இறங்கும். நோட்டில் இரண்டு பக்கத்தை அருகருகே வைத்துக் காட்டினேன். கூடுதல் வேகம் எழுதிய பக்கத்தில் ஃபிரேம் குறைந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'இதை நான் ஏன் கவனிக்கவில்லை' என்று தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போனது அப்போதுதான்.

இன்னொன்று கேள், இதற்கு நீ சிரிப்பாய். அவன் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 படம்தான் காட்டும். நண்பர்களோடு ஆடும் அந்தத் துப்பாக்கி விளையாட்டில் கார்டு அதைவிட எவ்வளவோ அதிகம் ஃபிரேம் தருகிறது. மானிட்டர் காட்டாத ஃபிரேமைக் கூட்டத்தான் பிள்ளை ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்திருக்கிறான். கை அசைவுக்கும் திரைக்கும் இடையே தாமதம் குறையும் என்று வாதாடினான். குறையும்தான், நான் மறுக்கவில்லை. அந்தக் குறைவை உணர அவன் கண்ணும் கையும் அந்த அளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்றேன். முறைத்தான்.

பிறகு எதிர்த்திசையில் போகலாம் என்றேன். மின்னழுத்தத்தைக் குறைப்பது. கார்டு குடிக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்க அளவில் ஏறும். அழுத்தத்தில் கொஞ்சம் கைவைத்தாலே பெரிதாக மிச்சப்படும். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோல், எஃப் இரண்டையும் அமுக்கினால் ஒரு வளைகோடு வரும். அதில் 0.95 வோல்ட் இருக்கும் புள்ளியை 2640-க்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் இருப்பதையெல்லாம் சமதளமாக்கினோம். முன்பு 420 வாட் காட்டிய அதே காட்சியில் 330 சுற்றி நின்றது. ஃபிரேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. மின்விசிறிச் சத்தம் அடங்கியதும் தங்கச்சி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, 'கரண்ட் போய்விட்டதா அண்ணா?' என்று கேட்டாள். மின்கட்டணமும் கொஞ்சம் இறங்கும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுகிறது என்பது உனக்கு அங்கே எப்படித் தெரியும், பணம் மட்டும்தானே அனுப்புகிறாய்.

கார்டைக் கழற்றித் துடைத்தேன். மின்விசிறிக்குப் பின்னால் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் பிரஷை விட்டால், பஞ்சுபோல் தூசி வரும் என்று பார்த்தேன், கருமணல் வந்தது. உள்ளங்கையில் மினுமினுத்தது. சன்னலை அடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். உப்புக் காற்று வேறு. ஸ்க்ரூ தலைகளில் இப்போதே துரு. மாட்டும்போது அந்த 16 முனைக் கனெக்டரைக் கடைசிவரை தள்ளி, இடைவெளி இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். 2022-இல் இந்தக் கார்டு வந்த புதிதில் சிலரிடம் அது உருகியது, முழுவதும் உள்ளே போகாததுதான் பொதுவான காரணம் என்று என்விடியா சொன்னது.

இதுவரை எழுதியது உன் மகனுக்காக. இனி எழுதுவதை உட்கார்ந்து படி.

கேபினெட்டைத் தொட்டபோது புறங்கையில் சுர்ரென்றது. பையன், 'அது எப்போதும் அப்படித்தான் மாமா, செருப்புப் போட்டால் தெரியாது' என்றான். டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. மீட்டரில் நூறு வோல்ட்டுக்கு மேல். இது கார்டின் குற்றமும் இல்லை, ஓவர்கிளாக்கின் குற்றமும் இல்லை. எர்த் இல்லாத வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையும் இப்படித்தான் கசியும். அந்தக் கசிவு ஆளைக் கொல்லாது. ஆனால் எர்த் எங்கே போனது என்று தேடிப் போனேன். மாடி எடுத்தபோது செப்டிக் டேங்கை நகர்த்தினீர்களே, பழைய எர்த் குழி இருந்த இடம் அதுதான். கம்பியை வெட்டிச் சுவரோரம் மடக்கி விட்டிருக்கிறார்கள். சிமெண்ட் பூசி மறைத்தும் விட்டார்கள்.

இதன் பொருள் உனக்குப் புரிகிறதா மக்கா? வீட்டில் உள்ள எல்லா மூன்று முனை பிளக்கும் தங்களுக்குள் இணைந்திருக்கின்றன, மண்ணோடு இணையவில்லை. நாளைக்குக் குளியலறை ஹீட்டரிலோ வாஷிங் மெஷினிலோ ஒரு வயர் உரசினால், 230 வோல்ட்டும் அதே எர்த் கம்பி வழியாக ஃபிரிட்ஜின் கைப்பிடிக்கு வரும். அம்மா ஈரக் கையோடு, வெறுங்காலோடு அந்த ஃபிரிட்ஜை ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறார்கள்! ஒரு கார்டுக்காக அவ்வளவு கத்திய நீ, இதை எங்கே கத்துவாய் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி, தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வெந்நீர் அடுப்பில் வைக்கட்டும்.

தக்கலையிலிருந்து நமக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் புதன்கிழமை வருகிறான். புதிய குழி, கரி, உப்பு, இரும்புக் குழாய், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒன்று. பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன், நீ பிறகு அனுப்பு. இடம்தான் தகராறு. வடபுறம் தோண்டினால் செந்தென்னையின் வேர் அறுந்துவிடும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார்கள். தென்னையிலிருந்து ஐந்தடி தள்ளித்தான் தோண்டுகிறோம் என்று நான் சொன்னதை நம்பவில்லை. நீ சொன்னால்தான் கேட்பார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் போன் செய். மறக்காமல் செய்.

பையனோடு பேசும்போது கார்டைப் பற்றி நீ எதுவும் சொல்ல வேண்டாம். அந்த நோட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்.

உன்,
மணி