முக்கொம்பு முதல் கல்லணை வரை: செல்வத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் மெயில் வந்து ஒரு வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது, அதில் ஓடிவிட்டது நேரம். இப்போது நன்றாக இருக்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நீ விசாரித்ததாகச் சொன்னேன். "பெங்களூர் போயும் அந்தப் பய சதை போடலியா?" என்று கேட்டார். உன் புது போட்டோவை நான் இன்னும் காட்டவில்லை, நேரில் வந்து நீயே பதில் சொல்லிக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் இரண்டு நாள் திருச்சிக்கு வருகிறோம், தங்கச்சியும் பிள்ளைகளும் இதுவரை ஊரைச் சரியாகப் பார்த்ததில்லை என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாய். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம், வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, கடைசியில் "நேரம் இருந்தால் கல்லணை". அந்தக் கடைசி வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. மூன்று வருஷம் இந்த ஊரில் ஒன்றாகப் படித்தோம், தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம், ஆனால் ஆற்றை ஒட்டி ஊரைப் பார்த்தோமா? இல்லை. ஊருக்கு வருகிற எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மூன்று கோயில், ஒரு மலை, இரவு ரயில். பாலத்தைக் கடக்கும்போது ஜன்னல் வழியாகக் காவிரியை ஒரு பார்வை.

முதலில் மே மாதம் வேண்டாம். அந்த மாதம் நம் காவிரி வெறும் மணல்வெளி, நடுவில் நாணல், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள், அணையில் தண்ணீர் இருப்பதைப் பொறுத்து முன்னே பின்னே போகும். உங்கள் ஊர்ப் பள்ளிகளில் தசராவுக்கு நல்ல நீளமான லீவு உண்டு அல்லவா? அப்போது வா, இல்லையென்றால் தீபாவளியை ஒட்டி வா. மழை ஒரு நாள் கெடுக்கலாம், பரவாயில்லை. மேயில் மலைக்கோட்டைப் பாறைமேல் செருப்பில்லாமல் நடப்பதைவிட மழையில் நனைவது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, முக்கொம்பிலிருந்து ஆரம்பி. ஊருக்கு மேற்கே 18 கிலோமீட்டர் இருக்கும், கரூர் சாலையில் ஆற்றை ஒட்டியே போகலாம், அந்தச் சாலைக்காகவே போகலாம் என்பேன். பூங்கா என்று ஒன்று இருக்கிறது, அதைப் பெரிதாக எதிர்பார்க்காதே, ஊஞ்சல், சறுக்கு, குரங்குகள், அவ்வளவுதான். நீ பார்க்க வேண்டியது ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்தை. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, ஓட்டமும் நேரானது, அதனால் தண்ணீரை விட்டுவிட்டால் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் ஓடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. காவிரி மணல்மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் தண்ணீருக்குத் தவிக்க, ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1830களில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது. வெள்ளம் வந்தால் மட்டும் கொள்ளிடத்துக்கு. உன் பெரியவனுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன், எதைப் பார்த்தாலும் எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிற பிள்ளை.

2018 ஆகஸ்ட்டில் அந்தக் கொள்ளிடம் மதகுகளில் ஒன்பது உடைந்து போனதை டிவியில் பார்த்திருப்பாய். எனக்கு அன்று தூக்கமே இல்லை. அதற்குப் பக்கத்தில் புதிய கதவணை கட்டிவிட்டார்கள். பழையதையும் புதியதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

முக்கொம்பைப் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கம் போனால், அது தீவு என்பது உடம்பிலேயே தெரியும். கோயிலுக்கு மட்டும் 156 ஏக்கர் என்கிறார்கள், ஏழு சுற்று மதில், 21 கோபுரங்கள், அந்தச் சுற்றுகளுக்குள்ளேயே வீடு, கடை, சைக்கிள் ஸ்டாண்ட், நம் சுந்தர் மாமா மெஸ் எல்லாம். (மாமா போய்ச் சேர்ந்து நாளாயிற்று. மகன் நடத்துகிறான். சாம்பாரில் பழைய கை இல்லை, அப்பளம் மட்டும் அதே பெரிசு.) விஜயநகர காலத்தில் பாதியில் நின்றுபோன தெற்கு ராஜகோபுரத்தை 1987இல் முடித்து 236 அடிக்கு நிறுத்தினார்கள், அகோபில மடத்து ஜீயர் முன்னின்று செய்தது. பலர் அதன் கீழ் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு நேரே பெருமாள் க்யூவுக்குப் போய் மூன்று மணி நேரம் நிற்கிறார்கள். வெளியே வரும்போது பிள்ளைகள் அழுகிற நிலை, வேறு எதையும் பார்க்க முடியாது. நான் சொல்வது, முதலில் கிழக்கே வெள்ளைக் கோபுரத்துப் பக்கம் போ. சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளைப் பார். முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகள், அடியில் வேட்டையாடுகிறவர்கள், புலிகள், ஈட்டியின் முனை எந்த இடத்தில் குத்துகிறது என்பது வரை செதுக்கியிருக்கிறான். பிறகு உடையவர் சந்நிதி. ராமானுஜரின் திருமேனியே அங்கே இருப்பதாக நம்பிக்கை, பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்து வருஷத்துக்கு இரண்டு முறை சாத்துகிறார்கள். அப்புறம் துலுக்க நாச்சியார், பெருமாள்மேல் காதல் கொண்ட சுல்தான் மகள் என்று கதை. அவருக்காகப் பெருமாளுக்கு ரொட்டி நைவேத்தியம் உண்டு, கைலி கட்டுவதும் உண்டு. இதைத் தங்கச்சியிடம் சொல், நம்ப மாட்டாள்.

ஐப்பசியில் வந்தாயானால் இன்னொன்று. மற்ற மாதங்களில் பெருமாளின் திருமஞ்சனத்துக்குக் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் தண்ணீர் வரும். ஐப்பசி மாதம் மட்டும் காவிரிக்கு முறை. அம்மா மண்டபத்துப் படித்துறையில் தங்கக் குடத்தில் மொண்டு, யானைமேல் வைத்து, மேளத்தோடு கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். இதற்கு டிக்கெட் கிடையாது, காலையில் எழுந்து தெருவோரம் நின்றால் போதும். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அலுக்கவில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும் குடும்பத்தோடு வந்துவிடாதே. கூட்டத்தில் சாமியும் தெரியாது, பிள்ளையும் தெரியாது.

திருவானைக்காவலுக்கு நேரம் பார்த்துப் போக வேண்டும். உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் புடவை கட்டிக்கொண்டு, அகிலாண்டேஸ்வரியே வருவதாகப் பாவித்து, ஜம்புகேஸ்வரர் சந்நிதிக்கு வந்து பூஜை செய்வார். பஞ்சபூதத் தலங்களில் இது நீர்த் தலம், லிங்கத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஆற்றில் தண்ணீர் ஓடுகிற காலத்தில் ஊற்றும் கூடும். யானை நுழைய முடியாத அளவுக்குச் சின்னதாகச் சோழ ராஜா செங்கணான் கட்டினான் என்று கதை சொல்வார்களே, அந்த வாசலில் நானே குனிந்துதான் போகிறேன். சி.வி. ராமன் 1888இல் பிறந்தது இந்த ஊரில்தான் என்பதையும் பெரியவனிடம் சொல்லி வை. பூஜை முடிந்ததும் பார்த்தசாரதி விலாஸ். அங்கே சாம்பாருக்காகப் போவதில்லை யாரும், நெய் ரோஸ்ட்டுக்காகப் போவது. 1943இலிருந்து அதே சின்னக் கடைதான்.

மலைக்கோட்டையை மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள். நானூற்றுச் சொச்சம் படி. என் முழங்கால் இப்போது ஒத்துழைப்பதில்லை, நான் தாயுமானவர் சந்நிதி வரை வருவேன், மேலே நீங்கள் போய்விட்டு வாருங்கள். ஆனால் உச்சிப் பிள்ளையாருக்கு ஓடுகிற அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு குகை இருக்கிறது, அதில் கட்டாயம் நில். மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்தது, ஏறத்தாழ 1400 வருஷம் ஆகிறது. உள்ளே சிவன் சடையில் கங்கையைத் தாங்குகிற பெரிய சிற்பம். தூணில் வடமொழிக் கல்வெட்டு. அதில் என்ன சொல்கிறது தெரியுமா? சிவனுக்கு ஆறுகள் மேல் ஆசை அதிகம், கண்ணுக்கினிய இந்தக் காவிரியைப் பார்த்தால் இவள் மேலும் மயங்கிவிடுவாரோ என்று பயந்து, பார்வதி பிறந்த வீட்டை விட்டுவிட்டு இந்த மலைக்கே வந்து தங்கிவிட்டாள், இந்த ஆறு பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டே. ஒரு ராஜா தன் ஆற்றைப் பற்றி இப்படிக் கேலியும் பெருமையுமாகப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறான். நாம் அந்தக் குகை வாசலில் உட்கார்ந்து கடலை தின்றோம், அவ்வளவுதான்.

அதைப் படித்த கையோடு மேலே ஏறி வடக்கே பாருங்கள். காவிரி, தீவு, கோபுரங்கள், அதற்கப்பால் கொள்ளிடம். முக்கொம்பில் பிரிந்ததை நீ ஏற்கெனவே பார்த்திருந்தால் அந்தக் காட்சி வேறு மாதிரி இருக்கும். இறங்கி வந்தால் மெயின்கார்டு கேட்டில் மைக்கேல் ஐஸ்கிரீம், நம் கல்லூரி, எதிரே லூர்து மாதா கோயில், கிளைவ் வீடு. நத்ஹர் வலி தர்காவுக்கும் நடந்தே போய்விடலாம். சந்தா சாகிபின் கல்லறை அங்கேதான், பாடப் புத்தகத்தில் படித்த கர்நாடகப் போர் திடீரென்று பக்கத்துத் தெரு சமாச்சாரம் ஆகிவிடும்.

இப்போது கல்லணை. தயவுசெய்து ஒரு அரை நாள் முழுசாக ஒதுக்கு. திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி வழியாக ஒரு சாலை போகிறது, தீவின் உள்ளேயே, இருபுறமும் வாழைத் தோப்பு. அப்படியே தீவு குறுகிக் குறுகி, இரண்டு ஆறும் மறுபடி கிட்ட வந்துவிடும். இங்கே காவிரியின் படுகை மேடு, கொள்ளிடம் பள்ளம். தடுக்க ஒன்றும் இல்லையென்றால் முக்கொம்பில் பாடுபட்டுத் திருப்பிய தண்ணீர் அத்தனையும் இங்கே கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் கரிகாலன் கட்டினான். 1080 அடி நீளம், 40 முதல் 60 அடி அகலம், நேராக இல்லாமல் நெளிந்து போகும். ஆற்று மணலில் பெரிய பாறைகளைப் போட்டு, அவை புதையப் புதைய மேலே மேலே போட்டு, களிமண் வைத்துச் சேர்த்த வேலை. மேலே தெரிகிற பாலமும் மதகுகளும் ஆங்கிலேயர் காலத்தவை, அதைப் பார்த்து "இதுதானா?" என்று பிள்ளைகள் கேட்டால் கீழே இருப்பதைச் சொல். காட்டன் இந்தப் பழைய அணையைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டுதான் கோதாவரியில் அணை கட்டப் போனார். இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து போகிறது, மிச்சம் கொள்ளிடத்துக்கு. யானைமேல் கரிகாலன் சிலையோடு ஒரு மணிமண்டபமும் இருக்கிறது. கரையில் மீன் வறுத்து விற்கிறார்கள். ஒரு எச்சரிக்கை, தண்ணீரில் யாரையும் இறங்க விடாதே, மதகு பக்கம் சுழல் அதிகம், வருஷா வருஷம் யாராவது போகிறார்கள்.

சமயபுரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, தங்கச்சிக்கு வேண்டுதல் இருந்தால் விடியற்காலையில் போய் வந்துவிடலாம். ஆனால் அந்தப் பக்கம் பாதி நாள் செலவழிப்பதென்றால் என் ஓட்டு திருவெள்ளறைக்கு. துறையூர் சாலையில் இருபது கிலோமீட்டர். அங்கே பல்லவ ராஜா தந்திவர்மன் காலத்து ஸ்வஸ்திக் வடிவக் கிணறு, நாலு பக்கமும் படி, ஒரு படியில் இறங்குகிறவரை அடுத்த படியில் இருப்பவர் பார்க்க முடியாது. ஊர்க்காரர்கள் மாமியார் மருமகள் கிணறு என்கிறார்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. சின்னவள் இதில் ஒளிந்து விளையாடினால் உன்னால் கண்டுபிடிக்க முடியாது. வண்ணத்துப்பூச்சிப் பூங்கா எங்கள் மேலூர் பக்கம்தான், காலையில் போனால் பூச்சிகள் இருக்கும், மதியம் போனால் சிமென்ட் பொம்மைகள் இருக்கும்.

ஊர்ச் சேதி ஒன்று. பஸ்ஸில் வருவதாக இருந்தால் மத்திய பேருந்து நிலையத்தில் இறங்கப் போகிறேன் என்று நினைக்காதே, வெளியூர் பஸ்கள் இப்போது பஞ்சப்பூர் போய்விட்டன, நல்ல பெரிய நிலையம், ஆனால் ஊருக்குள் வர இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். மைசூரிலிருந்து வருகிற இரவு ரயிலே நல்லது, விடிவதற்குள் ஜங்ஷனில் இறக்கிவிடும், நான் வந்து நிற்கிறேன். பிள்ளைகளிடம் கிளம்பும்போதே சொல்லிவிடு, பெங்களூரில் உங்கள் குழாயில் வருவதும் இதே காவிரிதான், அதன் பின்னாலேயேதான் வருகிறோம் என்று.

மகள் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு போய்விட்டாள், தாவரவியல், அவளே உங்களைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்கிறாள். ஹோட்டல் எல்லாம் பார்க்காதே, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. தசராவா தீபாவளியா என்பதை மட்டும் தங்கச்சியிடம் கேட்டு இந்த வாரத்துக்குள் சொல், தீபாவளி என்றால் ரயில் டிக்கெட் திறந்த அன்றே தீர்ந்துவிடும்.

அன்புடன்,
கண்ணன்
ஸ்ரீரங்கம்