கேட்கவில்லை என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அரபு நாடுகள் கட்டுரையில் ஒரு வரி: "நீதித்துறைச் சுதந்திரத்தை அங்கே யாரும் கேட்டதுமில்லை, கொடுத்ததுமில்லை." எழுதியவருக்கு வரி அழகாக விழுந்துவிட்டது, பாவம், விட மனமில்லை. கொடுக்கவில்லை என்பது சரி. கேட்கவில்லையா?

உங்களுக்குத் தெரியாததல்ல. 2005 எகிப்து நாடாளுமன்றத் தேர்தலில் தில்லுமுல்லு நடந்ததாக வெளிப்படையாகச் சொன்னதற்காக மஹ்மூத் மெக்கி, ஹிஷாம் பஸ்தவீசி என்ற இரண்டு நீதிபதிகளை மறு ஆண்டே ஒழுங்கு நடவடிக்கைக்கு இழுத்தார்கள். அவர்களுக்காகக் கெய்ரோ தெருக்களில் திரண்டவர்களைப் போலீஸ் அடித்து இழுத்துப் போனது. ஒன்றும் கேட்காதவர்கள் அடி வாங்கத்தான் வந்தார்களா?

யஹ்யா தக்ரூரி பெயரையாவது சொல்லியிருக்கலாம். எகிப்து தன் வசமிருந்த திரான், சனாஃபிர் தீவுகளைச் சவூதிக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 2016 ஜூனில் தீர்ப்பளித்தவர். 2017 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஏப்ரலில் புதுச் சட்டம் வந்துவிட்டது. அதுவரை நீதி அமைப்புகளின் தலைமைக்கு மூத்தவரே வருவது வழக்கம். புதுச் சட்டப்படி மூன்று பெயர் அனுப்ப வேண்டும், ஜனாதிபதி ஒருவரைப் பொறுக்கிக்கொள்வார் என்றானது. அரசுக்கு எதிரான வழக்குகளை விசாரிக்கும் அமைப்பின் நீதிபதிகள் கூடி, மூன்று கேட்ட இடத்தில் தக்ரூரி என்ற ஒரே பெயரை அனுப்பினார்கள். ஜூலையில் ஜனாதிபதி சிசி வேறொருவரை நியமித்தார். 2019இல் அரசியல் சாசனத்தையே திருத்தி இந்த அதிகாரத்தைக் கெட்டிப்படுத்திக்கொண்டார். தோற்றார்கள், ஒப்புக்கொள்கிறேன். தோற்றவன் கேட்கவே இல்லை என்று எழுதுவது என்ன நியாயம்?

துனிசியாவுக்கு உங்கள் கட்டுரையில் அரை வரி. 2022 பிப்ரவரியில் நீதிபதிகளின் நியமனத்தைக் கவனிக்கும் நீதித்துறை உயர் மன்றத்தின் கதவைப் போலீஸ் பூட்டியது. ஜனாதிபதி கைஸ் சயீத் அதைக் கலைத்துத் தமக்கு இசைவான தற்காலிக மன்றத்தை வைத்தார். ஜூன் 1ஆம் தேதி ஒரே மூச்சில் 57 நீதிபதிகள் வீட்டுக்கு. நீதிபதிகள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்டில் நிர்வாக நீதிமன்றம் அந்த 57 பேரில் பெரும்பாலோரின் நீக்கத்தை நிறுத்திவைத்தது. அரசு அவர்களை மறுபடி சேர்க்கவில்லை. அரை வரி போதுமா ஐயா இதற்கு?

நான் சட்டம் படித்தவனல்ல. வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம் கீப்பர். மாதக்கணக்கில் சம்பளம் தராமல் இழுத்தடித்ததால் எங்கள் கேம்ப் ஆட்கள் வழக்குப் போட்டபோது, டைம் ஷீட் கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனவன் நான்தான். நீதிபதி எகிப்துக்காரர். வார விடுமுறையான வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் பேனாவை வைத்து, "அன்றும் வேலையா?" என்று மொழிபெயர்ப்பாளரை விட்டுக் கேட்டார். கம்பெனி வக்கீல் முகம் சுருங்கியது. விசாரணை முடியுமுன் அந்த நீதிபதி ஒப்பந்தக் காலம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். எங்களில் பாதிப் பேர் அதற்குள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

வளைகுடா கோர்ட்டுகளில் எகிப்து, சூடான் போன்ற நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த நீதிபதிகள் பலர். ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் இருப்பார்கள், இல்லாவிட்டால் விமானம் ஏறுவார்கள். எங்கள் இக்காமா, அதாவது தங்கும் அனுமதி, மாதிரியேதான். அப்படி இருந்தும் அந்த மனிதர் வெள்ளிக்கிழமைக் கணக்கைக் கேட்டார். இதையெல்லாம் எழுத உங்கள் இதழில் இடமில்லை. கெய்ரோவைப் பற்றிய கட்டுரைக்கு அரைப் பக்கத்தில் புர்ஜ் கலீஃபா படம் போட இடமிருக்கிறது. அது துபாயில் இருக்கிறது.

முன்பு, தொழிலாளியை முதலாளியோடு கட்டிவைக்கும் கஃபீல் முறை பற்றி எழுதியபோதும், கேரளக்காரர்கள் மட்டும்தான் வளைகுடா போனது போல எழுதினீர்கள். மறுத்து நான் அனுப்பிய கடிதத்தில் முதல் வரியில் இருந்த பாராட்டை மட்டும் பிரசுரித்தீர்கள். மிக்க நன்றி. இந்தத் தடவை பாராட்டு எதுவும் வைக்கவில்லை, கவனித்திருப்பீர்கள்.

அடுத்த இதழில் "கேட்டதுமில்லை" என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு திருத்தம் போடுங்கள். மூலையில் சின்ன எழுத்தில் போட்டாலும் சரி. கடிதம் நீளம் என்றால் என் டைம் ஷீட் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். அந்த நீதிபதிகளின் பெயர்களை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
பரமக்குடி